குளத்து நீர்மட்டத்துக்கு ஒரு பைதன் வகுப்பு, அதற்கும் முன்னால் அதன் சோதனைகள்

எங்கள் பக்கத்தில் குளத்தின் மட்டத்தை அடியிலும் அங்குலத்திலும்தான் சொல்வோம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் புனரமைத்தபோது அதன் முழு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது. மாரி மழை பிடித்துவிட்டால் எந்தக் குளம் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்றுதான் செய்தியும் வரும், வீட்டுப் பேச்சும் நடக்கும். பெரியப்பா செயலாளராக இருக்கும் கமக்காரர் அமைப்பும் தங்கள் குளத்தின் மட்டத்தை அப்படித்தான் சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறது. 2009க்கு முந்திய கொப்பிகள் இடப்பெயர்வோடு போய்விட்டன. மீள்குடியேறிய பிறகு எழுதியவை பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றித் தரும்படி பெரியப்பா கேட்டார். ஒரு பகுதி ஏற்கெனவே எக்செலில் ஏறியிருந்தது.

அந்த எக்செல் கோப்பில் 10 அடி 9 அங்குலம் 10.9 என்று இருந்தது. அடுத்த நாள் மட்டம் ஒரு அங்குலம் ஏறி 10 அடி 10 அங்குலம் ஆகியிருக்கிறது. அதை 10.10 என்று அடித்தால் எக்செல் அதை ஒரு தசம எண்ணாக எடுத்து 10.1 என்று வைத்துக்கொள்ளும். 10 அடி 1 அங்குலமும் அதே 10.1 தான். வரைபடம் போட்டுப் பார்த்தால் மழை கொட்டுகிற கார்த்திகையில் குளம் திடீரென வற்றி, பிறகு ஒரே தாவலில் 11 அடிக்குப் போகிறது. 10.1 என்று கிடக்கிற இடத்தில் முதலில் இருந்தது 1 அங்குலமா 10 அங்குலமா என்பதை இனி எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது. கொப்பியைத் திறந்து மறுபடி அடிப்பதுதான் ஒரே வழி. அடி ஒரு நெடுவரிசையில், அங்குலம் இன்னொரு நெடுவரிசையில் என்று பிரித்து அடித்தோம்.

தசம எண்ணுக்கு 12 அங்குலம் ஒரு அடி என்ற விதி தெரியாது. அந்த விதியைத் தெரிந்த ஒரு பொருள் நமக்கு வேண்டும். அப்படிப்பட்ட பொருள்களை வார்க்கும் அச்சுத்தான் வகுப்பு (class). வகுப்பு என்று ஒன்றை எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. பொருள்நோக்கு நிரலாக்கத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும்போது மிருகம், நாய், பூனை என்று தொடங்குவார்கள். நாய் குரைக்கும், பூனை கத்தும், பிள்ளைகள் எழுதி முடிப்பார்கள். ஆனால் எதற்காக வகுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கும். பெரியப்பாவின் மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாள், பைதன் நிரலாக்க மொழி ஓரளவு வரும். அவளோடு சேர்ந்துதான் இதைச் செய்தேன். மிருகங்களை விட்டுவிட்டுக் குளத்திலேயே தொடங்கினோம்.

முதலில் வகுப்பை எழுதவில்லை. ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, வகுப்பு ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு, அது எப்படி நடக்க வேண்டும் என்று எழுதினோம். பைதன் 3 இல் மாறிகளுக்கும் வகுப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எனவே முதல் வரிகள் இப்படி வந்தன:

மட்டம் = நீர்மட்டம்(10, 9)
மட்டம்.அடி == 10
மட்டம்.அங்குலம் == 9
நீர்மட்டம்(10, 10) > நீர்மட்டம்(10, 9)
நீர்மட்டம்(11, 0) > நீர்மட்டம்(10, 11)

நான்காவது வரி எக்செல் கோட்டைவிட்ட இடம். கெட்டுப்போன தரவு கையில் இருந்தால் அதிலிருந்தே முதல் சோதனையை எடுங்கள். யோசித்து உருவாக்கிய உதாரணத்தைவிட அது கூர்மையாக இருக்கும்.

அப்புறம் நீர்மட்டம்(10, 12) என்று யாராவது கொடுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 11 அடி என்று திருத்தி எடுத்துக்கொள்ளலாம், பிழை என்று நிறுத்தவும் செய்யலாம். கணிதப்படி இரண்டும் சரி. தங்கச்சிக்குத் திருத்தி எடுப்பது பிடித்திருந்தது. பெரியப்பாவிடம் கேட்டோம். "பன்னிரண்டு அங்குலம் எண்டு ஒருத்தரும் எழுத மாட்டினம் தம்பி. அப்பிடி எழுதியிருந்தா வேறை ஏதோ இலக்கத்தை மாறி எழுதிப்போட்டினம் எண்டுதான் அர்த்தம்" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. 12 அல்லது அதற்கு மேல் வந்தால் வகுப்பு வேல்யூஎரர், அதாவது மதிப்புப் பிழை, எழுப்ப வேண்டும். அதையே, பிழை எழுகிறதா என்று பார்க்கும் அசெர்ட்ரெய்சஸ் கொண்டு சோதனையாக எழுதினோம். எதிர்மறை அங்குலத்துக்கும் அப்படியே. 10.9 போன்ற தசம எண் வந்தால் டைப்எரர், அதாவது வகைப் பிழை, ஏனென்றால் பழைய எக்செல் பழக்கத்தோடு யாராவது வந்தால் வாசலிலேயே மறிக்க வேண்டும்.

கமம் செய்கிறவரிடம் "இந்த வகுப்பு எப்படி நடக்க வேண்டும்" என்று கேட்க முடியாது. "12 அங்குலம் என்று எழுதியிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்" என்று கேட்கலாம். அவர் சொல்லும் பதில் நேரே ஒரு சோதனை. வகுப்பை முதலில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. நமக்கு வசதியான பதிலை நாமே போட்டுக்கொண்டு போயிருப்போம்.

சோதனைகளை ஓட்டப் பைதனோடு வருகிற யுனிட்ரெஸ்ட் தொகுதியையே எடுத்தோம். 2001இல் வெளிவந்த பைதன் 2.1 முதல் அது கூடவே இருக்கிறது, தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை. டேட்டா மட்டுப்பட்ட இடத்தில் இது பெரிய வசதி. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜாவாவுக்கு எழுதிய ஜேயுனிட்டைப் பார்த்து அமைத்தது என்பதால் உள்ளே இருக்கிற பெயர்கள் பைதன் வழக்கத்துக்குக் கொஞ்சம் ஒவ்வாமல் இருக்கும். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வகுப்புக்குள் எழுதுகிற செயற்கூற்றை மெதட் என்பார்கள். யுனிட்ரெஸ்ட் ஒரு மெதட்டைச் சோதனை என்று அடையாளம் காண்பது அதன் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை வைத்துத்தான். அவை ஆங்கிலத்தில் ரெஸ்ட் (test) என்ற சொல்லாக இருக்க வேண்டும். "சோதனை_அங்குலம்_12" என்று அழகாகப் பெயர் வைத்தால் அந்த மெதட் ஓடவே ஓடாது. பைதன் 3.11 வரை, சோதனை எதுவும் ஓடாவிட்டாலும் கடைசியில் ஓகே என்றுதான் வரும். 3.12இலிருந்துதான் சோதனை எதுவும் ஓடவில்லை என்று சொல்லி, தோல்விக் குறியீட்டோடு முடிகிறது. பழைய மடிக்கணினியில் பழைய பதிப்பு இருந்தால் ஓகே என்ற சொல்லை நம்பாமல், எத்தனை சோதனை ஓடியது என்ற வரியைப் பாருங்கள். சோதனைகளைத் தேடி எடுக்கிற லோடரில் இந்த முன்னொட்டை மாற்ற ஒரு பண்பு இருக்கிறது. அதில் "சோதனை" என்று போட்டால் முழுப் பெயரும் தமிழில் இருக்கலாம். நாங்கள் அதைச் செய்யவில்லை. முன்னொட்டை ஆங்கிலத்தில் விட்டு மீதியைத் தமிழில் வைத்தோம். நாளைக்குத் தங்கச்சி வேறு ஒருவருடைய கணினியில் ஓட்டினாலும் சோதனைகள் காணாமல் போகக் கூடாது.

வகுப்பு இன்னும் இல்லாததால் சோதனைகள் எல்லாம் தோற்ற பிறகுதான் வகுப்பை எழுதத் தொடங்கினோம். உள்ளே அடியையும் அங்குலத்தையும் தனித்தனியாக வைக்காமல், மொத்த அங்குலமாக ஒரே முழு எண்ணாக வைத்தோம். 10 அடி 9 அங்குலம் உள்ளே 129. வெளியே கேட்கும்போது டிவ்மொட் கொண்டு 12ஆல் வகுத்தால் ஈவு அடி, மீதி அங்குலம். ஒப்பிடுவதும் கழிப்பதும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

எளிதாக இருந்தும் ஒரு சோதனை பிடிவாதமாகத் தோற்றது. நீர்மட்டம்(10, 9) இரண்டு தடவை உருவாக்கி இரண்டும் சமம் என்று கேட்டால், இல்லை என்றது. இதில் தங்கச்சி நிறைய நேரம் நின்றாள், நிற்க வேண்டிய இடமும் இதுதான். நாமாக எதுவும் சொல்லாவிட்டால் பைதன் சமம் என்று எடுத்துக்கொள்வது "இரண்டும் ஒரே பொருளா" என்பதைத்தான். உள்ளே இருக்கிற மதிப்பு ஒன்றா என்று அது பார்ப்பதில்லை. மதிப்பை வைத்து ஒப்பிட வேண்டுமென்றால் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே ஈக்யூ என்று பெயர் கொண்ட மெதட்டை நாம் எழுத வேண்டும். அதை எழுதியவுடன் இன்னொன்று நடக்கும். ஹாஷ் மெதட்டைச் சேர்த்து எழுதாவிட்டால் அந்தப் பொருளை டிக்‌ஷனரிக்குச் சாவியாகவோ செட்டுக்குள்ளேயோ போட முடியாது. இரண்டையும் சேர்த்தே எழுதினோம். கூடவே, பொருளை எழுத்தில் காட்டுகிற ரெப்ர் மெதட்டும். அது இல்லாமல் சோதனை தோற்றால் செய்தியில் நினைவக முகவரிதான் தெரியும். எழுதிய பிறகு "நீர்மட்டம்(10, 9)" என்றே தெரிகிறது, எது எதோடு ஒத்துவரவில்லை என்பது ஒரு பார்வையில் விளங்கும்.

2018இல் வந்த பைதன் 3.7 முதல் டேட்டாகிளாஸ் என்ற வசதி, பொருளை மாற்ற முடியாததாக (frozen=True) அறிவித்தால், இவற்றையெல்லாம் தானே எழுதித் தரும். வேலைக்கு நானும் அதைத்தான் பாவிப்பேன். ஆனால் படிக்கிற பிள்ளை ஒரு தடவையாவது கையால் எழுதட்டும்.

கழித்தலில்தான் நல்ல பாடம் கிடைத்தது. நேற்று 10 அடி 9, இன்று 10 அடி 2. வித்தியாசம் என்ன? கழித்தால் இன்னொரு நீர்மட்டம் வரும் என்று தங்கச்சி வைத்திருந்தாள். மொத்தம் கழித்தல் 7 (-7) அங்குலம். அதை டிவ்மொட் 12ஆல் வகுத்தால் ஈவு கழித்தல் 1, மீதி 5. அதாவது "கழித்தல் 1 அடி 5 அங்குலம்". பைதன் ஈவைக் கீழ்ப்பக்கமாகவே எடுக்கும் என்பதால் கணக்கு சரி, ஆனால் யாருக்கும் விளங்காத விடை. சரி, இறங்குமுகத்தைத் தனியாகக் கையாள நாலைந்து வரி சேர்க்கலாமா என்று யோசித்தோம். பெரியப்பா எப்படிச் சொல்வார் என்று பார்த்தால் வேலை குறைந்தது. "ஏழு அங்குலம் இறங்கிட்டுது" என்பார். கழித்தல் ஒரு அடி ஐந்து அங்குலம் என்று யாரும் பேசுவதில்லை. மட்டம் வேறு, மட்டத்தின் மாற்றம் வேறு. மாற்றம் வெறும் அங்குல எண்ணிக்கை, அது கூடலாம் குறையலாம். மட்டம் பூச்சியத்துக்குக் கீழே போகாது. எனவே இரண்டு நீர்மட்டங்களைக் கழித்தால் சாதாரண எண் வரும் என்று சோதனையையே மாற்றினோம்:

நீர்மட்டம்(10, 2) - நீர்மட்டம்(10, 9) == -7

சேர்க்க நினைத்த வரிகள் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த வகுப்பு குளம். அதற்குப் பெயர் உண்டு, முழு மட்டம் உண்டு, திகதிவாரியாகப் பதிவுகள் உண்டு. இதில் முதல் சோதனையே இரண்டு குளங்களை உருவாக்கி, ஒன்றில் பதிவைச் சேர்த்து, மற்றது வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் பைதனில் இது கட்டாயம் வேண்டும். நாம் எதுவும் கொடுக்காவிட்டால் மெதட் எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பாக வெற்று டிக்‌ஷனரியையோ பட்டியலையோ தலைப்பு வரியிலேயே எழுதினால், அது வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகும். அதன் பிறகு பிறக்கிற குளங்கள் எல்லாம் அந்த ஒன்றையே பங்குபோடும். ஒரு குளத்தில் எழுதிய மட்டம் அடுத்த குளத்திலும் தெரியும். சோதனைகளிலும் இதன் தொல்லை வரும், தனியாக ஓட்டினால் வெல்கிற சோதனை எல்லாவற்றோடும் சேர்த்து ஓட்டும்போது தோற்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னே செட்அப் மெதட்டில் புதுக் குளம் ஒன்றை உருவாக்குவது நல்ல பழக்கம். ஆனால் பங்குபோட்ட டிக்‌ஷனரியை செட்அப் தீர்க்காது. அதை வகுப்புக்குள்ளேதான் தீர்க்க வேண்டும், தொடக்க மெதட்டின் உடலுக்குள் புதிதாக உருவாக்கி.

அளக்காத நாட்களைப் பற்றியும் கேட்டோம். கொப்பியில் சில நாட்களில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பூச்சியமா என்று கேட்டதற்குப் பெரியப்பா இல்லை என்று தலையாட்டினார். "அது அளக்கேல்லை. பூச்சியம் எண்டா குளம் வத்திப்போச்சு." இரண்டையும் ஒன்றாக எடுத்தால் சராசரி பாழாகும், அதைவிட மோசமாக, வற்றாத குளம் வற்றியதாகப் பதிவாகும். எனவே அளக்காத நாளைக் கேட்டால் நன் (None) என்ற வெறுமை வர வேண்டும், வற்றிய நாளைக் கேட்டால் நீர்மட்டம்(0, 0) வர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை. பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் நன் தானா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். மட்டத்தை வெறும் எண்ணாக வைத்திருந்தால் பைதன் பூச்சியத்தைப் பொய் என்று எடுத்து, வற்றிய குளத்தை அளக்காத குளமாக்கிவிடும்.

திகதியைப் பற்றி ஒரு சொல். "இன்று" என்பதை வகுப்புக்குள்ளே கணினிக் கடிகாரத்தில் கேட்கக் கூடாது. வெளியிலிருந்து கொடுங்கள். கடிகாரம் உள்ளே இருந்தால் இன்று வெல்கிற சோதனை நாளைக்குத் தோற்கும்.

குளம் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து போகும் இடம் வான். வான் பாய்கிறதா என்ற மெதட்டுக்கு வந்தபோது விளிம்பைப் பற்றிக் கேட்டோம். முழு மட்டத்தில் சரியாக நின்றால் என்ன விடை? "சரியா அந்த மட்டத்திலை தண்ணி வான் விளிம்பிலை நிக்கும். காத்துக்குக் கொஞ்சம் அலம்பும். பாயிறது எண்டு சொல்ல மாட்டம். அதுக்கு மேலை போனாத்தான் பாயும்." சமமாக இருந்தால் பொய், ஒரு அங்குலம் கூடினால் உண்மை. இரண்டையும் எழுதினோம். பிறகு வேண்டுமென்றே வகுப்பில் இருந்த பெரிது என்ற குறியைப் பெரிது அல்லது சமம் என்று மாற்றி ஓட்டினோம். விளிம்புச் சோதனை உடனே தோற்றது. சோதனை வென்றுகொண்டே இருக்கிறது என்பது மட்டும் அது காவல் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அது காக்கிற வரியைக் கெடுத்துப் பார்த்து, தோற்றால்தான் நம்பலாம். ஒவ்வொரு மெதட்டுக்கும் ஒரு தடவை இப்படிச் செய்யச் சொன்னேன். இந்த வேலையில் தங்கச்சிக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த மெதட் தானாக வழிந்து பாயும் வான் உள்ள குளத்துக்கு மட்டும் பொருந்தும். இரணைமடு போலக் கதவுகள் உள்ள குளத்தில் மட்டம் நிரம்ப முன்னரே கதவைத் திறப்பார்கள். கதவுள்ள குளம் என்று ஒரு துணை வகுப்பு எழுதலாமா என்று தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்றேன். கையில் கொப்பி இருக்கிறது ஒரே ஒரு குளத்துக்கு, அதில் கதவு இல்லை. தெரியாத குளத்துக்கு வகுப்பு எழுதினால் அதன் சோதனையையும் ஊகித்துத்தான் எழுத வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கிளிநொச்சி என்பதில் வருகிற நொ என்ற எழுத்தை இரண்டு விதமாகக் கணினியில் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், எகரக் குறியையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாறிப் பெயர்களில் பைதன் இவற்றைத் தானே ஒன்றாக்கிக்கொள்ளும். ஆனால் மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களில் அப்படிச் செய்யாது. இரண்டு கிளிநொச்சியும் சமமில்லை என்று சோதனை சொல்லும்போது கண்ணால் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. யூனிகோட்டேட்டா தொகுதியின் நோர்மலைஸ் செயற்கூற்றை, என்எஃப்சி என்ற, குறிகளை ஒன்றுசேர்க்கும் வடிவம் கேட்டு, குளத்தின் தொடக்க மெதட்டில் பெயருக்குப் பாவித்தோம். சோதனை வென்றது. ஆனால் கௌதாரிமுனையை எகரக் குறியும் ளகரமும் சேர்த்துக் கெளதாரிமுனை என்று அடித்தவர்களுக்கு இது உதவாது. அது வேறு எழுத்து, கையால்தான் திருத்த வேண்டும். கோப்பைத் திறக்கும் இடங்களில் எல்லாம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள், விண்டோஸில் தமிழ் உடையாமல் இருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று தரவை ஏற்றத் தொடங்கிய பிறகு, முந்திய கொப்பி ஒன்றில் "6½" என்று இருந்தது. அப்போது அளந்தவர் அரை அங்குலமும் பார்த்து எழுதுகிறவராம். அவர் கவனமாக அளந்ததை நாங்கள் வெட்டி எறிய முடியாது. சோதனைகள் இருந்ததன் பயனை இங்கேதான் முழுதாக உணர்ந்தேன். உள்ளே மொத்த அங்குலம் என்று இருந்ததை மொத்த அரை அங்குலம் என்று மாற்றினோம். 129 என்பது 258 ஆனது. உருவாக்கும்போது விரும்பினால் கொடுக்கலாம் என்று ஒரு மூன்றாவது மதிப்பு:

நீர்மட்டம்(10, 6, அரை=1) > நீர்மட்டம்(10, 6)

கழித்தலில் விடையை இரண்டால் வகுத்தோம். அது -7.0 என்று வந்தாலும் பைதனுக்கு -7உம் அதுவும் சமம். அரை என்பது இரும எண்ணில் துல்லியமாக அடங்கும், 0.1 போலப் பிசகாது. பழைய சோதனைகளில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் எல்லாம் வென்றன. ஏனென்றால் எந்தச் சோதனையும் உள்ளே 129 இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை. அடி என்ன, அங்குலம் என்ன, எது கூட என்று வெளியிலிருந்துதான் கேட்டன.

இப்போது தரவு முழுக்க ஏறிவிட்டது, வரைபடத்தில் கார்த்திகை மழைக்குக் குளம் ஒழுங்காக ஏறுகிறது. பெரியப்பாவுக்கு வேண்டியது இன்னொன்று. சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்க, மட்டத்தைச் சொன்னால் எத்தனை ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் அளவு) தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். குளம் அடியில் ஒடுங்கி மேலே விரிவது என்பதால் மட்டத்தை ஒரு எண்ணால் பெருக்கி அது வராது. அந்தக் குளத்தை அளந்து தயாரித்த கொள்ளளவு அட்டவணை வேண்டும். அதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த மெதட்டுக்கான சோதனை மட்டும் கோப்பின் கடைசியில், தவிர் என்ற குறியோடு, "கொள்ளளவு அட்டவணை வந்த பிறகு" என்ற காரணத்தைத் தாங்கி இருக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒன்று தவிர்க்கப்பட்டது என்று யுனிட்ரெஸ்ட் கீழே காட்டுகிறது.